அழகர் ரெண்டு தடவை இறங்கினார்

சமீபத்தில் ஒரு சித்திரைத் திருவிழாவுக்கு மேலூரில், அம்மா வீட்டில் இருந்தேன். அழகர் ஆற்றில் இறங்கும் காலை. இருட்டு விலகும் முன்பே அம்மா குளித்துத் தயாராகி டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டாள். முழங்கால் வலி வந்ததிலிருந்து மதுரைக்குப் போய்க் கூட்டத்தில் நிற்பதை விட்டுவிட்டாள். இப்போதெல்லாம் நேரலைதான்.

நான் உள் அறையில், கட்டிலில் படுத்துக்கொண்டு, அதே நேரலையை செல்போனில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திடீரென்று ஹாலில் இருந்து குரல். "கோவிந்தா! கோவிந்தா! ஏய்யா, ஓடியா... பச்சைப் பட்டுய்யா!"

என் போனில் அழகர் இன்னும் இறங்கவே இல்லை. போனில் வருகிற நேரலை, டிவியைவிடக் கொஞ்சம் பின்தங்கித்தான் வரும். அரை நிமிஷம் கழித்து என் உள்ளங்கையிலும் அழகர் வைகைக்குள் இறங்கினார். அதே பச்சைப் பட்டு. அதே கூட்டம்.

"நானும் பார்த்துட்டேம்மா" என்று கட்டிலில் இருந்தபடியே குரல் கொடுத்தேன்.

அம்மா பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் காபி கொண்டுவந்து வைத்தவள், போகிற போக்கில் சொன்னாள். "நீ பாத்தியான்னு கேக்கலய்யா. வான்னு கூப்பிட்டேன்."

அன்றைக்கு எங்கள் வீட்டில் அழகர் ரெண்டு தடவை இறங்கினார். ரெண்டு தடவையும் பார்த்தது ஒரே ஒரு ஆள்தான்.

இந்த வாரம் அதைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

* * *

உலகம் முழுக்க டிவிக்காரர்களுக்கு ஒரு கவலை. ஊரே உட்கார்ந்து பார்க்கிற பெரிய நிகழ்ச்சிகளுக்குக் கூட்டம் குறைந்துகொண்டே போகிறது.

1983 பிப்ரவரியில் அமெரிக்காவில் 'மாஷ்' என்ற தொடரின் கடைசிப் பகுதியை ஒரே இரவில் பத்துக் கோடிக்கும் மேலானவர்கள் பார்த்தார்கள். 'டைட்டானிக்' விருதுகளை அள்ளிக்கொண்டு போன 1998-ல், ஆஸ்கர் விழாவை அங்கே பார்த்தவர்கள் சுமார் 5.5 கோடி. 2021-ல் அதே விழாவுக்குச் சுமார் 1 கோடி. பிறகு கொஞ்சம் தேறினாலும் 2025 வரை இரண்டு கோடியைத் தொடவில்லை.

நம் ஊர்க் கணக்கும் அதே திசையில்தான் போகிறது. கட்டணம் கட்டி டிடிஎச் வைத்திருந்தவர்கள் 2020 கடைசியில் நாடு முழுக்கச் சுமார் 7 கோடி. 2025 மார்ச்சில் அது சுமார் 5.7 கோடி. தெருவில் மொட்டை மாடிகளைப் பாருங்கள். பாதி டிஷ்களில் குருவியும் காக்காயும் உட்கார்ந்திருக்கின்றன.

காரணம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். நிகழ்ச்சிகளில் சரக்கு இல்லை என்பார்கள். ஜனங்களுக்கு நேரம் இல்லை என்பார்கள். ரெண்டுமே நிற்காது. 2023 நவம்பர் 19-ம் தேதி அகமதாபாத்தில் நடந்த உலகக் கோப்பை ஃபைனலை, ஹாட்ஸ்டார் செயலியில் மட்டும் ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் பார்த்தார்கள். அதே வருஷம் ஆகஸ்ட் 23-ம் தேதி சந்திரயான்-3 நிலவில் இறங்கியதை, இஸ்ரோவின் யூடியூப் பக்கத்தில் ஒரே நேரத்தில் பார்த்தவர்கள் 80 லட்சம் பேர். பார்க்கிற ஆசை போகவில்லை. நேரமும் போகவில்லை. பஸ்ஸில், பாத்ரூமில், கல்யாணப் பந்தியில்கூடப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்?

குறைந்தது வேறு. ஒரு திரைக்கு முன்னால் எத்தனை பேர் என்ற கணக்குதான் குறைந்துவிட்டது. முதலில் தெரு பார்த்தது. அப்புறம் வீடு பார்த்தது. அப்புறம் அறை. இப்போது ஆளுக்கு ஒரு கை.

* * *

நான் காமர்ஸ் படித்தவன். எதையும் வரவு, செலவு என்று ரெண்டு பத்தியாகப் பிரித்துப் போட்டால்தான் எனக்குப் புரியும். அப்படி ஒன்று போட்டுப் பார்ப்போம்.

சென்னையில் தூர்தர்ஷன் வந்தது 1975 ஆகஸ்ட் 15. மதுரைப் பக்கம் எங்களுக்கெல்லாம் அது எட்டப் பல வருஷம் பிடித்தது. மொட்டை மாடியில் ஆன்டெனாவைக் கட்டிக் கொடைக்கானல் பக்கம் திருப்பிவிட்டுக் கீழே குரல் கொடுப்போம். "தெரியுதா?" "புள்ளியாத் தெரியுது!" "இப்ப?" "முன்ன இருந்ததே தேவலை!" உங்களில் நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இந்த வசனம் மனப்பாடமாக இருக்கும்.

வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்'. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படம். 1988 அக்டோபரில் பி.ஆர்.சோப்ராவின் 'மகாபாரதம்' ஆரம்பித்தது. 1990 வரை 94 பகுதிகள். பேசியது இந்தி. எங்கள் தெருவில் இந்தி தெரிந்தவர் ஒருவர்கூடக் கிடையாது. ஆனால் கதை தெரியாதவரும் ஒருவர்கூடக் கிடையாது.

எங்கள் தெருவில் டிவி இருந்தது டீச்சரம்மா வீட்டில். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த வீட்டு முன்கட்டில் நாற்பது பேருக்குக் குறையாது. பொடிசுகள் தரையில், முன் வரிசை. பெரிய ஆம்பளைகள் நாற்காலியிலும் திண்ணையிலும். பெண்கள் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு. டீச்சரம்மா வீட்டுக்காரர் தன் சொந்த வீட்டில் உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டு பார்ப்பார்.

திரௌபதியைச் சபைக்கு இழுத்து வருகிற காட்சி வந்த ஞாயிறு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சபையில் பெரியவர்கள் எல்லாரும் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள். எங்கள் அப்பத்தாவுக்குத் தாங்கவில்லை. திரையில் இருந்த பீஷ்மரைப் பார்த்துக் கத்திவிட்டது. "ஏ கெழவா! உக்காந்து பாத்துக்கிட்டா இருக்க? எந்திரிடா!"

யாரும் சிரிக்கவில்லை. எனக்கு ஒன்பது, பத்து வயது இருக்கும். திரும்பிப் பார்த்தேன். நாற்காலிகளில் இருந்த ஆம்பளைகளில் நாலைந்து பேர் டிவியைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராத்திரியில் யார் வீட்டில் யார் அடி வாங்குகிற சத்தம் கேட்கும் என்பது தெருவுக்கே தெரியும். அடுப்படி நிலையில் நின்ற பெண்கள் திரையையும் பார்த்தார்கள். குனிந்த தலைகளையும் பார்த்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் நாம் மட்டும் டிவியைப் பார்க்கவில்லை. நம்மையும் நாலு பேர் பார்த்தார்கள். எதற்கு அழுகிறோம், எதற்குச் சிரிக்கிறோம், எந்த இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம் என்பதெல்லாம் ஊருக்குத் தெரிந்தது. இன்றைக்கு அதே காட்சி என் போனில் வந்தால்? கட்டை விரலால் ஒரு தள்ளு. போய்விடும். நான் தலை குனிந்தேனா, தள்ளிவிட்டுப் போனேனா என்பதற்கு ஒரு சாட்சி கிடையாது.

இதை வரவுப் பத்தியில் எழுதிக்கொள்ளுங்கள்.

* * *

இனி செலவுப் பத்தி. பழைய காலத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதை மட்டும் வசதியாக விட்டுவிடுவார்கள். நானும் ரொம்ப நாள் விட்டிருந்தேன்.

டீச்சரம்மா வீட்டுக்குத் தெருப் பக்கம் ஒரு சன்னல் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் அதில் ஏழெட்டு முகங்கள் ஒட்டியிருக்கும். உள்ளே இடமில்லை, அதனால் வெளியே நிற்கிறார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

பல வருஷம் கழித்து, என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த நண்பனிடம் இந்த மகாபாரதக் கதையை உருகி உருகிச் சொல்லிக்கொண்டிருந்தேன். 'அந்தக் காலத்தில் எப்படி ஒற்றுமையாக இருந்தோம்' என்கிற வழக்கமான பல்லவி. அவன் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னான்.

"நானும் அங்கதான்டா இருந்தேன். ஆனா நான் பாதி மகாபாரதம்தான் பார்த்திருக்கேன். சன்னலுக்கு அந்தப் பக்கம் பீரோ ஒண்ணு மறைக்கும். டிவில இடது பக்கம் வர்றவங்க மட்டும்தான் எனக்குத் தெரிவாங்க. கர்ணன் செத்தது எனக்குச் சத்தமாத்தான் தெரியும்."

"உள்ளே வந்திருக்கலாமேடா?" என்றேன்.

கேட்டு முடிப்பதற்குள் எனக்கே புரிந்துவிட்டது. அவன் எந்தத் தெருப் பிள்ளை என்பது எனக்குத் தெரியும். உள்ளே இடமில்லாமல் அவன் வெளியே நிற்கவில்லை. 'உள்ளே வா' என்று அவனை யாரும் கூப்பிடவில்லை. நாங்கள் நாற்பது பேர் இருந்தோம். ஒருவருக்கும் தோன்றவில்லை. பீஷ்மரைப் பார்த்துக் கத்திய அப்பத்தாவுக்கும் தோன்றவில்லை. தரையில் முன் வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கும் தோன்றவில்லை. அந்தச் சபையில் நாங்களும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறோம்.

யோசித்துப் பாருங்கள். 'ஊரே ஒன்றாகப் பார்த்தது' என்று நாம் சொல்கிறபோது, அந்த ஊருக்குள் யார் யார் வந்தார்கள்?

இன்னொன்றும் உண்டு. அன்றைக்குக் கூட்டம் கூடியதற்கு நம் நல்ல குணமா காரணம்? ஊரில் ஒரே ஒரு கடைதான் இருக்கிறது என்றால் எல்லோரும் அங்கேதான் சாமான் வாங்குவார்கள். அதைக் கடைக்காரர் மேல் உள்ள பாசம் என்று சொல்ல முடியாது. ஒரே சேனல், தெருவுக்கு ஒரு பெட்டி, வாரத்துக்கு ஒரு தடவை. வேறு வழியில்லாமல் கூடினோம். வழி கிடைத்ததும் கலைந்துவிட்டோம்.

1993 ஏப்ரல் 14-ல் சன் டிவி வந்தது. கேபிள் வயர் தெருத் தெருவாக ஓடியது. 1999-ல் ஆரம்பித்த 'சித்தி', 2002-ல் 'மெட்டி ஒலி' காலத்தில்கூட, ராத்திரி தெருவில் நடந்து போனால் ஒரு வீட்டில் விட்ட வசனத்தை அடுத்த வீட்டில் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் அதற்குள் யாரும் யார் வீட்டுக்கும் போவது நின்றிருந்தது. அவரவர் வீட்டில் அவரவர் பெட்டி. 2006 தேர்தலில் ஜெயித்து வந்த திமுக அரசு இலவச கலர் டிவி கொடுக்க ஆரம்பித்தது. சுமார் ஒன்றரைக் கோடி வீடுகளுக்குப் பெட்டி போய்ச் சேர்ந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்ததும், பெட்டியும் தேவையில்லை என்றாகிவிட்டது.

இலவச டிவியைப் பற்றி நான்கூட அந்தக் காலத்தில் கிண்டலாகப் பேசியிருக்கிறேன். ஓட்டுக்குப் பெட்டி, வேலை வெட்டி இல்லாத ஜனம் என்றெல்லாம். சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் வீட்டில் அந்தப் பதினாலு இன்ச் பெட்டி வந்து இறங்கியபோது அது வெறும் பெட்டியாகவா இருந்திருக்கும்? இனி யார் வாசலிலும் நிற்க வேண்டாம் என்பதற்கு அது ஒரு ரசீது. கூட்டம் கலைந்ததில் இந்த மரியாதைக்கும் ஒரு பங்கு உண்டு. அதை நஷ்டக் கணக்கில் எழுத எனக்குக் கை வரவில்லை.

* * *

அப்படியானால் ரெண்டு பத்தியும் சரிக்குச் சரி, கணக்கை மூடிவிடலாமா?

மூட விடாமல் ரெண்டு விஷயங்கள் என்னைத் தடுக்கின்றன. ரெண்டும் கொரோனா வருஷத்தில் நடந்தவை.

2020 மார்ச் 28 முதல் தூர்தர்ஷன் பழைய 'ராமாயணம்' தொடரை மறுபடி ஒளிபரப்பியது. 1987-ல் வந்த தொடர். மங்கலான படம், அட்டை கிரீடம். ஏப்ரல் 16-ம் தேதி ஒளிபரப்பை மட்டும் 7.7 கோடிப் பேர் பார்த்ததாக தூர்தர்ஷன் அறிவித்தது. எல்லார் கையிலும் போன் இருந்தது. பார்க்க ஆயிரம் விஷயம் இருந்தது. இருந்தும் ஏன் போய் அதன் முன்னால் உட்கார்ந்தார்கள்? தனியாகப் பயந்துகொண்டிருந்தவர்களுக்கு, இந்த நிமிஷம் இதே காட்சியை இன்னும் நாலு பேர் பார்க்கிறார்கள் என்கிற நினைப்பே ஒரு துணையாக இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்த மாதம், மே 4-ம் தேதி மீனாட்சி திருக்கல்யாணம். கோயிலுக்குள் பட்டர்கள் சிலர் மட்டும். பக்தர்களுக்கு அனுமதி இல்லை. நேரலையில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். திருக்கல்யாணத்தன்று பெண்கள் தாலிக்கயிறு மாற்றிக்கொள்வது மதுரைப் பக்கத்து வழக்கம். அன்றைக்கு வீட்டு வீட்டுக்கு, திரைக்கு முன்னால் நின்று மாற்றிக்கொண்டார்கள். எங்கள் தெருவில் ஒருவருக்கொருவர் போன் போட்டு, "நீ மாத்திட்டியாத்தா?" என்று கேட்டுக்கொண்டார்களாம். வீட்டுக்கு ஒருத்தியாகத்தான் இருந்தார்கள். ஆனால் ஒருத்தியை ஒருத்தி விசாரித்துக்கொண்டார்கள்.

அழகர் விஷயத்துக்கே வாருங்கள். ஆற்றங்கரையில் லட்சக்கணக்கில் நிற்கிறவர்களில் எத்தனை பேருக்கு அழகர் முகம் தெரியும்? முன்னால் நிற்பவர் தலைதான் தெரியும். பட்டு என்ன கலர் என்பதையே பக்கத்து ஆள் சொல்லித் தெரிந்துகொள்வார்கள். வீட்டில் டிவி பார்க்கிறவருக்கு அழகர் முகம் நன்றாகத் தெரியும். இருந்தும் வருஷா வருஷம் கூட்டம் குறைந்தபாடில்லை. நன்றாகப் பார்க்க வேண்டும் என்று மட்டும் இருந்தால் எல்லோரும் வீட்டில் அல்லவா இருப்பார்கள்? பார்க்கிறபோது பக்கத்தில் ஆள் வேண்டும். முகம் தெரியாத ஆளாக இருந்தாலும் சரி. தோளில் ஏற்றிய பிள்ளையோடு தடுமாறுகிறவரைத் தாங்கிப் பிடிக்கவும், தண்ணீர்ப் பந்தலில் மோர் வாங்கிப் பின்னால் இருப்பவருக்கு நீட்டவும் அங்கே ஆள் இருக்கிறது.

டிவிக்காரர்களின் கவலை அவர்களோடு இருக்கட்டும். கூட்டம் குறைந்தால் விளம்பரம் குறையும், அது அவர்கள் லாப நஷ்டம். நம் கணக்கு வேறு. அன்றைக்கு வேறு வழியில்லாமல் சேர்ந்து உட்கார்ந்தோம். அதில் நமக்குப் பெருமை கிடையாது. வேறு வழியில்லாமல் செய்த நல்லதற்கு யாரும் மார்க் போட மாட்டார்கள். இன்றைக்கு ஆளுக்கொரு திரை இருக்கிறது. இப்போது ஒருவர் தன் திரையை அணைத்துவிட்டு இன்னொருவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தால், அது அவராகச் செய்தது. முன்பு வசதிக் குறைவாக இருந்தது இப்போதுதான் ஒரு குணமாக ஆகியிருக்கிறது. அந்தக் குணம் நம்மிடம் இருக்கிறதா என்ற கேள்வியும் இப்போதுதான் முதல் முறையாக வந்திருக்கிறது.

நண்பன் சொன்ன மீதிக் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2008 வாக்கில் அவன் வீட்டுக்கு இலவச டிவி வந்தது. வீடே ஒரு அறைதான். சுவரோரம் வைத்தால் குடும்பம் சௌகரியமாகப் பார்க்கலாம். அவன் அப்பா அதைத் தூக்கி, வாசலைப் பார்த்தபடி வைத்தாராம். வெயில் பட்டுத் திரை பாதி நேரம் தெரியாது. அவன் அம்மா சண்டை போட்டிருக்கிறார். அப்பா அசையவில்லை.

"ரோட்டுல போறவன் நின்னு பாத்தா பாத்துட்டுப் போகட்டும். நடுவுல பீரோ கீரோ ஒண்ணும் இருக்கக் கூடாது."

சன்னலுக்கு வெளியே நின்ற பிள்ளையின் அப்பா செய்த காரியம் இது. உள்ளே முன் வரிசையில் உட்கார்ந்திருந்த நான் செய்த காரியம், கட்டிலில் படுத்துக்கொண்டு "நானும் பார்த்துட்டேம்மா" என்றது. யார் கணக்கில் மிச்சம் இருக்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு ராத்திரி போனை உள் அறையில் சார்ஜில் போட்டுவிட்டு ஹாலுக்கு வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். ஏதோ ஒரு சீரியல். யார் யாருக்கு மருமகள், யார் எதற்காக விஷம் வைத்தார்கள் என்று அம்மா எனக்கு விளக்க ஆரம்பித்தாள். விளம்பரம் வந்தது, போனது, மறுபடி வந்தது, விளக்கம் முடியவில்லை. எனக்குக் கடைசி வரை ஒன்றும் புரியவில்லை. நடுவில் ஒரு தடவை அம்மா திரையை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் சரியான இடத்தில் அதிர்ச்சி அடைந்தேனா என்று பார்ப்பதற்காக.

உங்கள் வீட்டிலும் ஹாலில் இருந்து யாராவது "ஓடியா, ஓடியா" என்று கூப்பிடுவார்கள். ஒரு கல்யாணப் பாட்டோ, ஒரு சிக்ஸரோ, அழகரோ. அது நீங்கள் ஏற்கெனவே பார்த்ததாக இருக்கும். பரவாயில்லை. எழுந்து போங்கள். போகிற வழியில் சன்னல் பக்கமும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போங்கள்.